ஒரு மணி நேரம் பேசக் கூடாது

ஞாபகம் நன்றாகத்தான் வந்தது. அது யாருடைய ஞாபகம் என்பதில்தான் எனக்கு மண்டை காய்ந்துபோனது.

என் பெயர் உலகநாதன். வயது எழுபத்து நான்கு. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் சர்வேயர். பாளையங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் எந்த வயலில் எந்தக் கல் யாருடையது என்று சங்கிலி பிடித்து அளந்து சொன்னவன். ஒரு அடி தள்ளிக் கல் நட்டேன் என்று என்மேல் ஒரு புகார் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆளுக்குத் தன் மண்டைக்குள் எது தன்னுடையது, எது பெண்டாட்டியுடையது என்று தெரியாமல் போனால் எப்படி இருக்கும்? கேவலமாக இருந்தது.

ஆரம்பித்தது என்னால் அல்ல, என் மனைவி சங்கரவடிவால். போன தை மாசம் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். சரி, யாருக்கும் நடப்பதுதான் என்று தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டேன். அப்புறம் செத்துப்போன அவள் அண்ணன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். அதுக்கப்புறம் ஒருநாள் எங்கள் தெரு முக்கிலேயே நின்றுகொண்டு, எங்கள் வீட்டுக்கு எப்படிப் போகணும் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் ஓரளவு தெளிவாக இருப்பாள், பிறகு ஆட்களையே தெரியாமல் போகலாம் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் ஞாபகத்துக்கான ஒரு மூலிகை மாத்திரைச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அறுபத்தைந்து தாண்டிய தம்பதிகள் இரண்டு பேருமே சேரலாம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்பது சோதனை முடியும்வரை கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. சோதனை நடத்துகிறவர்களிடமிருந்து பெனிட்டா என்கிற பெண் இரண்டு புட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் வடிவு பெயர்.

"சார், வயசானா ஞாபகம் அழிஞ்சு போறதில்ல. அது உள்ளதான் இருக்கும். அங்க போற வழிதான் அறுந்துபோகும். இந்த மாத்திரை அந்த அறுந்த இடத்தை ஒட்டிவிடும்" என்றாள்.

"வல்லாரைதானே? துவையல் அரைச்சா தீந்துது. இதுக்குப் புட்டி என்னத்துக்கு?" என்று கேட்டாள் வடிவு.

"வல்லாரையும் நீர்ப்பிரம்மியும்தான் ஆச்சி. ஆனா லேப்ல மாத்தி வளத்தது. இதுல ஒரு சிக்கல் இருக்கு. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு மூளை பசை தடவுன மாதிரி இருக்கும். அப்ப நீங்க எதை நினைக்கிறீங்களோ அது ஒட்டும். பக்கத்துல ஒருத்தங்க அவங்க கதையைச் சொன்னா அதுவும் உங்க ஞாபகமாவே ஒட்டிக்கிடும். அப்புறம் பிரிக்க முடியாது. அதனால ஒரு மணி நேரம் பேசக் கூடாது, டிவி கூடாது. கண்ணை மூடிக்கிட்டு, உங்க வாழ்க்கையில ஏதாவது ஒரு நாளை மட்டும் நினைச்சுப் பாக்கணும்."

"இவளையா பேசாம இருக்கச் சொல்லுத?" என்று நான் சிரித்தேன். வடிவு என்னை முறைத்தாள்.

நான் சொன்னதுதான் நடந்தது. காலை ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான் முன்ரூமில் நாற்காலியிலும் அவள் அடுக்களையில் முக்காலியிலும் உட்காருவோம். மனசுக்குள் நினை என்றால் வடிவுக்கு அது வராது. வாய்விட்டுத்தான் நினைப்பாள். அவள் சித்தி மகள் கல்யாணத்தில் எத்தனை கூட்டு, யார் கோபித்துக்கொண்டு பந்தியில் எழுந்து போனது என்று முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். பேசாதே என்று நான் சொல்லவும் முடியாது, சொன்னால் நான் பேசினதாக ஆகிவிடும். டம்ளரைத் தரையில் டங்கென்று வைப்பேன். ஒரு நிமிஷம் அடங்கும், மறுபடியும் தொடங்கும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது போகப்போகத் தெரிந்தது. பக்கத்துத் தெரு தாணுப்பிள்ளைக்கு நிஜ மாத்திரைதான் கிடைத்திருக்க வேண்டும். ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "மூணாவது பிரசவம் பெரிய கஷ்டம்வே உலகநாதன், உமக்கு அது தெரியாது" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "பெத்தது நானு, நோக்காடு இவாளுக்காம்! அந்தப் பெருமையையும் பிடுங்கியாச்சு" என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். கோர்ட்டில் வயசானவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினால், "மூலிகை மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வி என்று பேப்பரில் போட்டிருந்தது. கேட்டதைக் கண்டதாகச் சத்தியம் பண்ணுகிறார்களாம். மனசறிந்த பொய்யும் இல்லை, என்ன செய்வது?

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மங்கையர்க்கரசி எங்களுக்கு ஒரே பிள்ளை. நாக்பூரில் இருக்கிறாள். நாற்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் பண்ணுவாள், ஒரு மணி நேரம் பேசுவாள். அவள் அம்மாவோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். இருபத்தெட்டு வருஷமாகப் பேசவில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போடுவேன். வடிவு கதவோரத்தில் நின்று, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் மகள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

காரணம் ஒரு கடிதம். மங்கைக்குச் சின்ன வயசிலிருந்து மாடு, நாய், பூனை என்றால் உயிர். பிளஸ் டூ முடித்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நேரில் வரச் சொல்லி மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. அது அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை. தேதி முடிந்த பிறகு, கூடப் படித்தவள் சொல்லித்தான் தெரிந்தது. ஒருநாள் ஏனம் பாத்திரம் விளக்குவதற்காக எடுத்து வைத்திருந்த சாம்பல் தகரத்தில் கை விட்டவள், பாதி கருகிய ஒரு உறையின் மூலையை எடுத்தாள். கல்லூரியின் முத்திரை அதில் அப்படியே இருந்தது. வெந்நீர் அடுப்பைத் தினமும் மூட்டுகிறவள் அம்மா. "நீதானே எரிச்ச?" என்று கேட்டாள். வடிவு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றாள். நான் அந்த மாசம் முழுக்கச் சங்கரன்கோவில் கேம்ப். திரும்பி வந்துதான் எனக்கு எல்லாம் தெரியும்.

இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த கதை இதுதான்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து நாற்பத்து மூன்றாம் நாள். வழக்கம்போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் முணுமுணுப்பு. சங்கரன்கோவில் கேம்பை நினைப்போம், அங்கே புளியமரத்தடியில் தின்ற தயிர்ச்சோற்றை நினைப்போம் என்றுதான் தொடங்கினேன். கேம்புக்குக் கிளம்பின விடிகாலை வந்தது. குளிக்க வெந்நீர். அடுப்பு எரிகிறது. என் சட்டைப்பையிலிருந்து பழுப்பு உறையை எடுக்கிறேன். முந்தின நாள் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது. பொட்டைப்பிள்ளை தனியாக மெட்ராஸில் ஐந்து வருஷம், அப்புறம் ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிறவளை எவன் கட்டுவான் என்று நினைக்கிறேன். உறையை அடுப்பில் வைக்கிறேன். கோந்து கருகுகிற வாடை மூக்கில் ஏறுகிறது.

எழுந்துவிட்டேன்.  ஒரு மணி நேரமாவது மண்ணாவது!

"வடிவு! அந்த லெட்டரை எரிச்சது நானா?"

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. 

"நல்ல கூத்து. எரிச்சது நானு. அதைத்தான் இப்பம் முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். உங்க காதுல விழுந்து ஒட்டிக்கிட்டு. அந்தப் பிள்ள சொன்னால்லா, அடுத்தவங்க கதை ஒட்டிக்கிடும்னு" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. தாணுப்பிள்ளைக்குப் பிரசவ வலி, எனக்கு வெந்நீர் அடுப்பு. அவ்வளவுதான் விஷயம் என்று காப்பியை வாங்கிக் குடித்தேன்.

ஆனால் ஒன்றை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த ஞாபகத்தில் இன்னொரு துண்டும் இருந்தது. கடிதத்தோடு இருந்த அட்டையில் மங்கையின் போட்டோ ஒட்டியிருந்தது. இரட்டைச் சடை, முறைத்த பார்வை. அந்த முகத்தை நெருப்பில் வைக்க மனசு வராமல், நகத்தால் உரித்தெடுத்து வரைபடம் போடுகிற என் ஸ்கேல் பெட்டியின் அடியில் செருகுகிறேன். அந்தப் பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் ஏறவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த முறை பெனிட்டா வந்ததும் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். "ஏம்மா, ஒருத்தன் செய்யாத காரியம் அவன் செஞ்ச மாதிரி ஞாபகம் வந்தா?"

"நிஜ மாத்திரைன்னா அப்படி வரும் சார். பக்கத்துல யாரோ பேசியிருப்பாங்க."

"டம்மியா இருந்தா?"

"டம்மில ஒட்டுறதுக்கு ஒண்ணும் இல்லையே சார். அப்ப வந்த ஞாபகம் உங்களோடதுதான். சோதனை முடிஞ்சதும் உங்க புட்டியில இருந்தது எதுன்னு சொல்லிடுவோம். ரெண்டு புட்டியையும் கொண்டாங்க, மீதியை எண்ணிக்கிடுதேன்."

வடிவு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டு வந்து வைத்தாள். திறந்தால் பச்சை மாத்திரைகள், பாதி டப்பாவுக்கு.

"புட்டி எங்க ஆச்சி?"

"மூடியைத் திருகித் திருகி விரல் நோவுது. ரெண்டையும் இதுல கொட்டிட்டேன். எல்லாம் ஒரே பச்சைதானே, எது யாருக்குப் போனா என்ன?"

பெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "போச்சு ஆச்சி! இனி யார் எதைச் சாப்பிட்டாங்கன்னு அந்த ஆண்டவர் வந்தாலும் சொல்ல முடியாது."

எங்கள் வீட்டில் இது புதிசில்லை. பிரஷர் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, தைலம் எல்லாமே பொதுதான். நானும் வடிவைத் திட்டுகிற மாதிரி நாலு வார்த்தை சத்தம் போட்டேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கல் தொலைந்துபோன எல்லை மாதிரி. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மங்கை, "லீவு கிடைச்சா ஆவணியில வாறேன்பா. உங்களைப் பாக்கத்தான் வாறேன். அங்க எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. கதவோரத்தில் வடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் பூனைகளைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஆடி முடிந்து சோதனையும் முடிந்தது. பெனிட்டா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். வடிவுக்கு முன்னேற்றம் ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். அது எனக்கே தெரியும். முந்தின நாள்கூட பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

"ஆனா ஒரு நல்ல சேதி சார். ஆச்சி கலந்ததால ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு வீட்டுக்கு ஒரே வகைதான் குடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல புருஷன் பொண்டாட்டி மாத்திரையை எப்படியும் ஒரே டப்பாவுலதான் போடுவாங்கன்னு பெரிய டாக்டருக்கு முன்னாடியே தெரியுமாம்!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க வீட்டுக்கு வந்தது எது?"

"ரெண்டுமே டம்மி சார். வெறும் முருங்கை இலைப் பொடி."

"அப்பம் ஞாபகம் எப்படிம்மா வந்தது?"

"தினமும் ஒரு மணி நேரம் பேசாம உக்காந்திருக்கீங்கல்ல. அதுல வந்திருக்கும். டம்மி சாப்பிட்ட நாலஞ்சு பேரு இப்படிச் சொன்னாங்க. பேசாம உக்காந்தா என்னவெல்லாமோ வருதுன்னு."

டம்மி கிடைத்தவர்கள் விரும்பினால் இனி ஒரு வருஷத்துக்கு நிஜ மாத்திரை தருவார்களாம். ஒட்டும் ஆபத்து தெரிந்தே சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஏணியைத் தேடிப் போனேன்.

ஸ்கேல் பெட்டியின் அடியில், பச்சைத் துணிக்குக் கீழே, போட்டோ இருந்தது. இரட்டைச் சடை. அதே முறைப்பு. பின்பக்கம் காய்ந்த பசை. ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கேம்பிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் அழுகையும் கூச்சலுமாக இருந்தது. வடிவு, "நான்தான் எரிச்சேன்" என்று சொல்லியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். முதலில் கோழைத்தனம், அப்புறம் பழக்கம், அப்புறம் எனக்கே அது மறந்தேபோனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், மறைத்த இடத்தையும் மறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே வடிவு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போட்டோவை அவளுக்குக் காட்டவில்லை, பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நான்தானே எரிச்சேன்? உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றாள். "சட்டைப்பையில வச்சு நீங்க அடுப்படிக்குப் போனதைப் பாத்தேன். நீங்க அன்னைக்கு வந்து கேட்ட பொறவுதான் ரெண்டு புட்டியையும் ஒண்ணாக் கொட்டினேன். கலந்துபோனா உண்மை தெரியாதுன்னு நினைச்சேன்."

"ஏன் வடிவு? அன்னைக்கே என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே."

"அவ வந்து கேட்டப்ப மூஞ்சியைப் பாத்தேன். அப்பான்னா அவளுக்கு உசிரு. ரெண்டு பேரையும் வெறுத்துட்டா பிள்ள எங்க போவா? ஒருத்தராவது மிச்சம் இருக்கட்டும்னு நினைச்சேன். இப்பம் போய்ச் சொல்லிராதிய. இத்தனை வருஷம் ஓடிட்டு, இன்னும் கொஞ்ச நாளு. எனக்குத்தான் எல்லாம் மறந்துறப் போகுதே."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது.

மறுநாள் புதன்கிழமை, வடிவு கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது நாக்பூருக்குப் போன் போட்டேன், பழக்கத்தில் ஸ்பீக்கரிலேயே. ஞாயிறு இல்லாத நாளில் நான் கூப்பிட்டதும் மங்கை பதறிவிட்டாள்.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. உன் காலேஜ் லெட்டரை எரிச்சது நான்தான். உன் போட்டோவ மட்டும் எரிக்க மனசில்லாம உரிச்சு வச்சிருந்தேன். இந்தா, என் கையில இருக்கு."

 அந்தப் பக்கம் அவளுடைய பூனை ஒன்று கத்தியது.

"நான்தாம்மா. அம்மா இல்ல" என்று மறுபடியும் சொன்னேன்.

அது வடிவின் காதில் விழுந்துவிட்டது. ஈரக் கையோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து மகளிடம் அவள் பேசின முதல் பேச்சு இதுதான்:

"ஏட்டி, உங்கப்பா சொல்லுததை நம்பாத! அந்தப் பச்சை மாத்திரையைத் தின்னு கோட்டி பிடிச்சு உளறுதாவ. எரிச்சது நான்தான். சத்தியமா நான்தான்."

"அம்மா" என்றாள் மங்கை. அந்த வார்த்தையைக் கேட்டு வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அட்டையில என் போட்டோ ஒட்டியிருந்திருக்குமே. அதை என்ன செஞ்ச?"

"போட்டோவா? அதுவும் சேந்துதான் எரிஞ்சுது. பெத்த பிள்ள முகத்தைக்கூடப் பாக்காம எரிச்ச பாவிட்டி நான்."

வெகுநேரம் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. யார் அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, மூன்று பேருமாக இருக்கும். கடைசியில் மங்கை, "வெள்ளிக்கிழமை வாறேம்மா. உன்னைப் பாக்கத்தான் வாறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இனி போன் வருமா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டால் அது நியாயம்தான். 

வடிவு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் என்னிடம் ஒப்புக்கொண்டவள், இன்றைக்குச் சத்தியம் பண்ணினாள். தெரிந்தே சொன்ன பொய்யா, இல்லை சொல்லிச் சொல்லி அவளுக்கே அப்படித்தான் ஞாபகமாகிவிட்டதா? அந்தக் குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தினாள். "வெள்ளிக்கிழமை என்ன சமைக்க? பிள்ளைக்கு இப்பம் என்ன பிடிக்கும்? அந்த வயசுல சொதின்னா உசிரை விடுவா. இப்பம் எனக்கு என்ன தெரியும்? உங்ககிட்டத்தானே எல்லாம் பேசுவா."

எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை எல்லாம் என்னிடம் இருந்தது. அவளுக்கு முதல் வேலை கிடைத்தது, அம்மை போட்டது, கல்யாணத்தை வேண்டாமென்றது, ஆறு பூனைகளின் பேர், தேங்காய்ப்பால் சேராமல் போய்ச் சொதியை விட்டது எல்லாம். வடிவு கதவோரம் நின்று கேட்டதுதான். கேட்டதில் பாதி இப்போது அவளிடம் இல்லை.

மேசையிலிருந்த படிவத்தை எடுத்து விவரம் சொன்னேன். இது நிஜ மாத்திரை, பக்கத்தில் பேசினால் என்னுடைய ஞாபகம் உனக்கு ஒட்டிக்கொள்ளும், பிறகு அது உன்னுடையது மாதிரியே ஆகிவிடும், யோசித்துச் சொல் என்றேன்.

வடிவு யோசித்தாள். "உங்க சங்கிலியும் கல்லும் எனக்கு என்னத்துக்கு? ஞாயித்துக்கிழமைய மட்டும் குடுங்க, போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நாளைக்குக் காலை பெனிட்டா புது மாத்திரையைக் கொண்டு வருகிறாள். ஆறு மணிக்கு வடிவு முக்காலியில் உட்காருவாள். அவள் முணுமுணுக்கப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரமும் பேசப்போகிறவன் நான்.